பேய் செய்கிற பட்டறை

பேய்ப் படம் பார்த்தால் புத்தி கெடும் என்று நமது தோழர்கள் பலர் சொல்லி வருகிறார்கள். அதை நாம் முழுதும் மறுக்க வரவில்லை. ஆனால் பேய்ப் படத்தை விட்டாலும் விடுங்கள், பேய்ப் படம் எடுக்கிறவர்களைப் பற்றிய படங்களை மட்டும் அவசியம் பாருங்கள் என்று சொல்லுவோம். பேயை நம்புகிறவனிடம் ஆயிரம் நாள் வாதாடுவதைவிட, பேய் செய்கிற பட்டறைக்கு அவனை ஒருதரம் அழைத்துப் போவதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, 1994-ல் டிம் பர்ட்டன் எடுத்த "எட் வுட்". எட் வுட் என்பவர் 1950-களில் அமெரிக்காவில் பேய்ப் படம் எடுத்தவர். கையில் பணமும் இல்லை, சாமர்த்தியமும் சொற்பம். 1931-ல் டிராகுலாவாக வந்து ஜனங்களை நடுங்க வைத்த பேலா லுகோசி, இப்படத்தில் வயோதிகராய், மார்பின் மருந்துக்கு அடிமையாய் வருகிறார். ரப்பர் ஆக்டோபஸ் ஒன்றோடு அவர் தண்ணீரில் சண்டை போட வேண்டும். அதை அசைக்க மோட்டார் இல்லை. ஆகவே அதன் கைகளைத் தாமே தூக்கித் தம்மேல் போட்டுக்கொண்டு, தாமே அலறுகிறார். பயப்படுகிறவனே பயத்துக்கு உயிர் கொடுக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

அன்றியும், அடுத்த படத்துக்குப் பணம் போடுகிற பாப்டிஸ்ட் சபையார், நடிகர்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்கிறார்கள். வுட்டின் கூட்டத்தார் தண்ணீரில் முழுகி எழுகிறார்கள், படம் நடக்கிறது. கல்லறைப் பிணங்கள் எழுந்து நடமாடும் கதைக்குச் சபையார் பணம்! இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

இரண்டாவது, 1998-ல் பில் காண்டன் எடுத்த "காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்". 1931-ல் "பிராங்கென்ஸ்டைன்" எடுத்த ஜேம்ஸ் வேலின் கடைசி நாட்களைச் சொல்வது. அந்தப் பூதமோ, ஜாக் பியர்ஸ் என்பவர் போரிஸ் கார்லாப் முகத்தில் பஞ்சும் பூச்சும் வைத்துச் செய்தது. அது வேலை ஒருநாளும் பயமுறுத்தவில்லை. கிழவயதில் அவரைத் தூங்கவிடாமல் செய்வது, முதல் உலக யுத்தத்தில் முள்வேலியில் தொங்கிச் செத்த தோழனின் நினைவே. மனிதனைக் கொல்லும் பேய் எங்கே பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நாம் சொல்ல முடியாது.

நிற்க, 2000-ல் வந்த "ஷேடோ ஆப் தி வாம்பயர்" பற்றி ஓர் எச்சரிக்கை. 1922-ல் ஜெர்மனியில் முர்னோ எடுத்த "நாஸ்பெராட்டு"வில் நடித்த மாக்ஸ் ஷ்ரெக், நிஜமாகவே ரத்தங்குடிக்கும் பேய் என்பது இதன் கதை. இது சுத்தப் பொய். ஷ்ரெக் நாடக மேடையில் சம்பளத்துக்கு நடித்து, 1936-ல் எல்லாரையும் போல் இறந்துபோன மனிதர். ஆனாலும் படத்துக்காக ஆட்களைப் பலி கொடுக்கத் துணிகிற டைரக்டரே அதில் பெரிய பேயாகத் தெரிகிறான். அம்மட்டில் பார்க்கலாம்.

கடைசியாக, ஜப்பானில் 2017-ல் ஷினிச்சிரோ உயேடா எடுத்த "ஒன் கட் ஆப் தி டெட்". முதல் 37 நிமிஷம் வெட்டே இல்லாமல் ஓடுகிற பிணக்கூத்து. பிறகு அதே கூத்தை யார் யார் எங்கே ஒளிந்து, எப்படி ஓடி, எப்படி விழுந்து நடத்தினார்கள் என்பதை அவிழ்த்துக் காட்டுகிறார்கள். உயரத்திலிருந்து படம் பிடிக்க வைத்திருந்த யந்திரம் உடைந்து போகிறது. தொழிலாளிகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கிறார்கள். மேலே இருந்து நம்மைப் பார்க்கிற பார்வைக்கு அடியில் இருப்பது மனிதன் தோள்தான்!

இவர்கள் பொய்யைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் பொய் என்று சொல்லியே டிக்கெட் விற்று, இரண்டு மணி நேரத்தில் விளக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விளக்கே போடாமல் ஆயுள் முழுதும் வசூல் செய்கிறவர்களுக்கு அந்த யோக்கியதை உண்டா என்று கேட்கின்றோம்.