வலது பக்கம் படுத்தா மஞ்சள்... இடது பக்கம் படுத்தா ரோஸ்! ஒரு பீச் கலர் பஞ்சாயத்து

மதுரையில் ஒரு வீடு. பெயின்ட் அடித்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. தை மாதம் பேத்திக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று பெயின்டரை வரவழைத்தார்கள். ஹாலுக்கு எப்போதும்போல சந்தன நிறம். பாட்டியின் ரூமுக்கு மட்டும் பேத்தி ஆசைப்பட்டு ஒரு ஷேடு எடுத்தாள். பீச் கலர்.

"பீச்சுக்கு ஏதுடி கலரு? மணலா, தண்ணியா?" என்றார் தாத்தா.

இது பழத்தின் பெயர். நம் ஊர்ப் பழக்கடைகளில் அதிகம் கண்ணில் படாத பழம். ஆனால், ஜாக்கெட் பிட் எடுக்கப் போகிறவர்களுக்கு அந்த நிறம் நன்றாகவே தெரியும். ரோஸில் கொஞ்சம் ஆரஞ்சு விழுந்து, நிறைய வெள்ளை சேர்ந்தால் அதுதான் பீச். நிறங்களுக்கென்றே இருக்கும் பான்டோன் நிறுவனம், 2024-ம் ஆண்டின் நிறமாக அறிவித்தது இதன் ஒரு வகையைத்தான். பெயர் 'பீச் ஃபஸ்.'

பகலில் இரண்டு கோட் அடித்து முடித்தார்கள். சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும் பேத்தியின் முகம் மாறிவிட்டது. ஷேடு கார்டில் இதமாக இருந்த நிறம், சுவரில் சாயம் போன பஞ்சுமிட்டாய்போல நின்றது. கட்டிலில் இருந்த பாட்டி, "ரோஸ்னு சொன்னே, மஞ்சளால்ல இருக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் புரண்டு படுத்தவர், "இல்ல, ரோஸ்தான்" என்றார். மறுநாளும் இதே கதை. மருமகளுக்குப் பயம் வந்துவிட்டது. அத்தைக்குப் புத்தி தடுமாறுகிறதோ?

பெயின்டர் தன் பங்குக்கு, "மெஷின்ல கலந்த பெயின்ட்டுக்கா, கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெயின்ட்டில் எந்தக் குறையும் இல்லை. பாட்டியின் புத்தியிலும்தான்.

டியூப்லைட் செய்த வேலை

பீச் கலருக்கு உயிரே அதில் இருக்கும் ஆரஞ்சுதான். எல்.இ.டி டியூப்லைட் அட்டையில் 6500 கே, 'கூல் டேலைட்' என்று போட்டிருந்தால், அந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். அதன் கீழே ஆரஞ்சு பின்வாங்கிவிடும். மிஞ்சுவது வெளிறிய ரோஸ். அதே சுவரில் 2700 அல்லது 3000 கே 'வார்ம் ஒயிட்' விளக்கு விழுந்தால் நிறம் திரும்பிவிடும். மஞ்சள் வெளிச்சம் தூக்கம் வரவைக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நடுவில் 4000 கே இருக்கிறது. ஆக, சுவரை மறுபடி அடிப்பதற்கு முன் ஒரு பல்பை மாற்றிப் பார்ப்பது லாபம்.

ஜன்னலும் இதில் சேர்த்தி. மேற்கு பார்த்த ரூமில் நாலு மணிக்கு மேல் வரும் வெயில் பீச்சைத் தூக்கிக் கொடுத்து, ஆரஞ்சு மிட்டாய்போல ஆக்கிவிடும். அங்கே ஏற்கெனவே வெக்கை. நிறமும் சேர்ந்தால் கூடுதல் புழுக்கமாகத் தோன்றும். கிழக்கு ஜன்னலுக்கு இது அருமையான நிறம். வெயில் நேராக விழாத, பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும் ரூம்களுக்கும் நல்லது. வெறும் வெள்ளை அடித்தால் சாம்பல் தட்டிப்போகிற இடங்கள் அவை.

இன்னொரு விஷயம். ஷேடு கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவுத் துண்டு. நாலு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, மொத்தமும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை எடுப்பது பாதுகாப்பு. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு பெரிய சார்ட் அட்டையில் ஓரம் வெள்ளையாக விட்டு இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், ராத்திரி என்று இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். பழைய பச்சைச் சுவரின் நடுவே நேராக அடித்துப் பார்க்காதீர்கள். பச்சைக்குப் பக்கத்தில் எந்த பீச்சும் ரோஸாகத்தான் தெரியும். கண் அப்படித்தான் ஏமாறும்.

பாட்டி சொன்னது சரிதான்

பாட்டிக்குப் போன வருஷம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இடது கண் பாக்கி. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது. புரை முற்றினால் இன்னும் பழுப்பேறும். அதன் வழியாகப் பார்க்கிறவருக்கு உலகமே கொஞ்சம் மஞ்சள் பூசியதுபோல இருக்கும். வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் அவருக்கே தெரியாது. ஆபரேஷனில் அந்த லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தவுடன், அந்தக் கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாகவும் ரோஸ் ரோஸாகவும் தெரிய ஆரம்பிக்கும்.

வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது வலது கண் தலையணையில் புதைந்துவிடுகிறது. பார்ப்பது புரை இருக்கும் இடது கண். அதனால் மஞ்சள். இடது பக்கம் திரும்பினால் ரோஸ்.

இதைக் கண்டுபிடித்தது பேத்தி. பாட்டியை உட்காரவைத்து, உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் கேட்டிருக்கிறாள். "இதுக்கு மஞ்சள், இதுக்கு ரோஸ். நான்தான் ரெண்டு நாளா சொல்றேனே!" என்றாராம் பாட்டி. மருமகள் ஒன்றும் பேசாமல் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். இடது கண்ணுக்கும் டாக்டரிடம் நாள் கேட்டிருக்கிறார்கள்.

பெரியவர்கள் இருக்கும் ரூமில் நிறத்தைவிட முக்கியம், ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. வெளிறிய பீச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு ராத்திரியில் கரைந்துபோகும். அதைச் சுற்றி அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை, கதவு நிலைக்கு மர நிறம், பாத்ரூம் வாசலில் அடர் நிற மிதியடி. ஷோவுக்கு இல்லை. எழுந்து நடக்கும்போது தடுமாறாமல் இருக்க.

"பொம்பளப் பிள்ளை ரூமா?"

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் 1876-ல் இங்கிலாந்து இளவரசரை வரவேற்க நகரத்துக்கே ரோஸ் அடித்தார்கள். அடிக்கச் சொன்னவர் ஒரு மகாராஜா. 'ரோஸ் கலர் கோபத்தைக் குறைக்கும்' என்ற பேச்சுக்கும் ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு ரோஸ் அடித்து, கைதிகள் அடங்கிவிட்டார்கள் என்றார்கள். பின்னால் கவனமாகச் செய்த சோதனைகளில் அது நிற்கவில்லை. எனவே, மாமியார் மருமகள் சண்டைக்கு மருந்தாக யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

பொருள்களைப் பொறுத்தவரை நம் வீடுகளுக்கு இது எளிதான நிறம். தேக்குக் கட்டில், மூங்கில் நாற்காலி, பித்தளை விளக்கு, ரெட் ஆக்ஸைடு தரை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாம்பல் நிற ஸ்டீல் பீரோவும் சரிதான். திரைக்கு வெளிர் பச்சையோ, சாயம் போடாத காடாத் துணியோ போதும். அதே பீச்சில் திரை, பெட்ஷீட், தலையணை என்று இறங்கிவிடாதீர்கள், லாட்ஜ் ரூம் ஆகிவிடும். பளபளக்கும் ஃபினிஷ் பட்டி பார்த்த மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். மங்கலான மேட் மறைக்கும், ஆனால் துடைத்தால் தடம் விழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் துடைக்கக்கூடிய எமல்ஷனாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், புடவைக்கு மேட்சிங் ஜாக்கெட் இந்த ரூமில் வைத்துப் பார்க்க வேண்டாம். சுவர் நிறம் துணியில் ஏறித் தெரியும்.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட் தயாரிப்பில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் எனாமலைக் காய்ந்தபடியே சுரண்டித் தேய்த்தால், தூளோடு ஈயமும் பறக்கலாம். ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பெயின்ட் மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து வாங்குவது நல்லது. அடுத்த முறை கலப்பது ஒரு நூல் மாறினாலும் சுவரில் ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். மதுரை வீட்டில் அதை பீரோ கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம்: ஓதம் ஏறிய சுவரை என்ன செய்யலாம்?