மூடப்படாத ஏடு

குற்றம் புரிந்தவன் தண்டனை பெறவேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அத்தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதிலும் வேறுபாடு இருத்தலாகாது. நீதிபதி மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். ஆயிரம் வெள்ளி என்றால் ஆயிரம் வெள்ளி. அதற்கு மேல் ஒரு நாளையோ ஒரு காசையோ பறிக்க எவர்க்கும் உரிமை கிடையாது. ஆயினும் நடப்பதென்ன? நீதிமன்றம் விதித்த தண்டனை முடிந்த மறுநாளே, நீதிமன்றம் விதிக்காத இன்னொரு தண்டனை தொடங்கிவிடுகிறது. அதற்குக் காலவரையறை இல்லை, மேல்முறையீடும் இல்லை. குற்றப் பதிவு என்பது அதன் பெயர்.

சுங்கை பாக்காப்பில் ஓர் இளைஞன் இருப்பதாகக் கொள்வோம். பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். பத்தொன்பதாம் வயதில், கூடா நட்பின் விளைவாய், ஒரு கடையில் நடந்த சிறு திருட்டில் அவனும் பங்குகொண்டான். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான்; தண்டனையை அனுபவித்தான்; திருந்தினான். பத்தாண்டுகள் கழிந்தன. இன்று அவனுக்கு மனைவியும் மக்களும் உண்டு. பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை கேட்டுப் போகிறான். விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி: ‘நீர் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா?’ உண்டு என்றால் வேலை இல்லை. இல்லை என்றால் அது பொய். உண்மை சொன்னால் பட்டினி, பொய் சொன்னால் பழி என்னும் நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டு, அவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது எந்த அறம்?

நம் நாட்டில் குற்றவாளிகளையும் விரும்பத்தகாதவர்களையும் பதிவு செய்யும் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு வரையில் ஏட்டில் பெயரை எழுதுவதற்கு வழி இருந்தது. திருந்தியவனின் பழைய பதிவு காலப்போக்கில் தானே செல்லாததாகும் பொதுவழி இருந்ததில்லை. மன்னிப்பு வழங்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி மாமன்னர்க்கும் சுல்தான்களுக்கும் ஆளுநர்களுக்கும் உண்டு. ஆனால் சிறு திருட்டுக்கு அபராதம் கட்டிய ஓர் ஏழை, மன்னிப்பு வாரியத்தின் கதவை எங்கே போய்த் தட்டுவான்?

அதே அரசியலமைப்பின் 48ஆம் பிரிவை நோக்குக. ஓராண்டுக்குக் குறையாத சிறையோ, இரண்டாயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருத்தற்கில்லை என்று அது விதிக்கிறது. ஆனால் விடுதலையான நாளிலிருந்தோ அபராதம் விதிக்கப்பட்ட நாளிலிருந்தோ ஐந்தாண்டுகள் கழிந்தால் அத்தடை தானே விலகிவிடும் என்றும் அதுவே கூறுகிறது. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் அவையில் அமர ஐந்தாண்டுத் தூய்மை போதும். ஆலை வாசலில் காவலாளியாய் நிற்கப் பத்தாண்டுத் தூய்மையும் போதாதா?

பிற நாடுகள் இதனை எண்ணிப் பார்த்துள்ளன. பிரிட்டனில் 1974இல் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 2005இல் தன் சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாதத்திற்கு மேற்படாத சிறையோ, இரண்டாயிரம் வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர் ஐந்தாண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், அவரது பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று அவர் சொல்லலாம். சட்ட ஒழுங்கில் சற்றும் தளராத நாடு என்று நாம் போற்றும் சிங்கப்பூரே இதைச் செய்தது! கடுமையும் கருணையும் பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘பொருளைப் பறிகொடுத்தவனுக்கு என்ன நீதி?’ என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி. அவனுக்குரிய நீதியை நீதிமன்றம் தண்டனையாக அளந்து கொடுத்துவிட்டது. திருந்தியவனுக்கு ஊதியத்தின் வாயிலை அடைத்தால், அடுத்த வாயில் எதுவாகும்? இன்னொரு வீடு பறிகொடுக்கும், அவ்வளவே. ‘குழந்தைகளிடையே பணிபுரிய எவரையும் விட்டுவிடலாமா?’ என்று வேறு சிலர் கேட்பர். கூடாது. கொடுங்குற்றங்களையும் குழந்தைகளுக்கு இழைத்த தீங்குகளையும் இங்கு நாம் பேசவில்லை. பிரிட்டனின் சட்டமும் அத்தகைய பணிகளுக்கு விலக்கு வைத்திருக்கிறது. பெருங்குற்றத்தைக் காட்டிச் சிறுகுற்றத்தை என்றென்றைக்கும் தண்டிப்பதையே நாம் மறுக்கிறோம்.

ஏட்டில் பெயர் எழுதுவதன் கொடுமையைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1871இல் பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்திற்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கிக் கைரேகை வாங்கியது. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அந்த ரேகையைத் தர மறுத்தோர் சுடப்பட்டு மாண்டனர். 1947இல் அம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அந்த வரலாற்றை மேடைதோறும் முழங்கும் நாம், நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையை மட்டும் ‘ஜாவிக்குப் போய் வந்தவன்’ என்று அங்குள்ள சிறையின் பெயரால் அழைக்கிறோமே, இது முறையா?

பினாங்கின் பழைய வரலாறும் நம்மை நாணச் செய்யும். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1790ஆம் ஆண்டு முதல் இத்தீவுக்கு வந்தனர், சாலை அமைத்தனர், காடு திருத்தினர். இரக்கத்திற்குப் பேர்போகாத கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியிலும், நன்னடத்தை காட்டியோர் விடுப்புச் சீட்டுப் பெற்று வெளியே பிழைக்க இடமிருந்தது. பலர் இம்மண்ணிலேயே குடும்பம் கண்டு மக்களோடு கலந்தனர். அன்னிய வணிகன் காட்டிய அந்த அளவு பெருந்தன்மையும் சொந்தச் சமூகத்திடம் இல்லையா?

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஓங்கும் கை கடுமையாய்த் தோன்றினும் விழும் அடி மெல்லியதாக வேண்டும் என்னும் அவர் கருத்தைத் தேர்வுக்காக மனனம் செய்தால் மட்டும் போதுமா? முதற்குற்றத்தில் சிக்கிய இளைஞனைத் தீர்ப்பைப் பதியாமலே விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் வசதியற்றோர்க்கு இலவசமாய் வழக்கறிஞரைத் தருகிறது. இவ்விரண்டையும் அறியாமல், ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்ற சொல்லை நம்பி வாழ்நாளையே எழுதிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு இவற்றை எடுத்துரைப்பது யார் கடமை? நம் கடமையே.

அரசின் ஏடு சட்டத்தால் மூடப்பட வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால் நம் நாவில் ஒவ்வொருவரும் ஓர் ஏடு வைத்திருக்கிறோம். அதனை மூட நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. கடன் தீர்த்தவனைக் கடன்காரன் என்றழைப்பது பொய். தண்டனை தீர்ந்தவனைக் குற்றவாளி என்றழைப்பதும் பொய்யே.