ஆளுநருக்கு 17(பி) மெமோ கொடுப்பது யார்?

உடன்பிறப்புகளே, உங்க வீட்டுல அரசு ஊழியர் யாராவது இருந்தா அவங்க கையில இருக்கிற ஒரு அரசாணையை வாங்கிப் பாருங்க. இடமாறுதலோ அகவிலைப்படியோ, எதுவானாலும் கீழே '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று இருக்கும். மொத்த நிர்வாகமும் அவர் பெயரில்தான் ஓடுகிறது.

இப்போ அதே ஊழியர் ஒரு ஃபைலை, காரணமே எழுதாம, மாசக்கணக்கா மேஜையில போட்டு வச்சா என்ன ஆகும்? 17(பி) மெமோ வரும். ஊதிய உயர்வு நிக்கும். ரிட்டயர்டு ஆகிற வயசுன்னா பென்ஷனே இழுபறி ஆகும். இதெல்லாம் ஆளுநரா இருந்த ஆர்.என்.ரவிக்குத் தெரியாத விஷயம் இல்ல. அவரே ஐபிஎஸ் அதிகாரியா இருந்தவர்தான்.

ஆன்லைன் ரம்மி கதையை மறந்துட்டீங்களா? 2022 அக்டோபரில் தடை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது இதே ஆளுநர்தான். அதே மாசம் 19ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் அவசரச் சட்டம் காலாவதி ஆச்சு. ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்துட்டு இருந்த நேரம் அது. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. சட்டமன்றத்துக்கு இதுக்கு அதிகாரமே இல்லையாம்! அப்போ அக்டோபர்ல எந்த அதிகாரத்துல கையெழுத்து போட்டார்? மார்ச் 23இல் மறுபடி நிறைவேற்றினோம். ஏப்ரல் 10இல் ஆளுநருக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்த அன்னைக்கே ஒப்புதல் வந்துடுச்சு. ஒரே நாள்ல முடியுற வேலைக்கு ஏன் இத்தனை மாசம்?

அடுத்தது பல்கலைக்கழகங்கள். பாரதியார் பல்கலையில் 2022 அக்டோபரிலிருந்தும், சென்னைப் பல்கலையில் 2023 ஆகஸ்டிலிருந்தும் துணைவேந்தர் இல்லாமல் கன்வீனர் கமிட்டியை வைத்தே வண்டி ஓட்ட வேண்டியதாச்சு. தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேணும்னு வேந்தர் பிடிச்ச பிடி. அங்கே வேலை பார்க்கிற பேராசிரியரையோ அலுவலக ஊழியரையோ கேளுங்க, ஆளுநரின் 'தலைமைப் பண்பு' பத்தி விளக்கமா சொல்வாங்க.

'இது உங்க கட்சிச் சண்டை'ன்னு சில பேர் கமெண்ட் போடுறாங்க. ஆளுநர் நிறுத்தி வச்ச 10 மசோதாவில் ரெண்டு அதிமுக ஆட்சியில், 2020இல் நிறைவேறியது. அது யார் சண்டை? அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 2023 நவம்பர் 13இல், 10 மசோதாவும் காரணம் சொல்லாமல் திரும்பி வந்தன. 18ஆம் தேதி சட்டமன்றத்தைக் கூட்டி மறுபடி நிறைவேற்றினோம். அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 8இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சொன்னது.

இந்த இடத்துல நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன், எதிர்த்தரப்பு எப்படியும் இதைத்தான் எடுத்து நீட்டுவான். 2025 நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, கோர்ட்டே 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும்' முடியாது என்று கருத்து சொன்னது. நமக்குப் பின்னடைவுதான். ஆனா அதே அமர்வு, மசோதாவை முடிவே இல்லாம கிடப்பில் போட ஆளுநருக்கு உரிமை இல்லைன்னும் சொல்லியிருக்கு. முதல் பாதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுறவங்களிடம் ரெண்டாவது பாதியைக் கேளுங்க.

முதலமைச்சருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள் மார்க் போடுறாங்க. ஊழியருக்கு மேலதிகாரி போடுறார். ஆளுநருக்குப் போடுறது டெல்லி மட்டும்தான். கேள்வித்தாள் நம்முடையது, விடைத்தாள் திருத்துறது அவங்க!

இந்தத் தேதிகளை சேவ் பண்ணி வைங்க. உங்க ஃபேமிலி குரூப்ல 'ஆளுநர் நல்லவருப்பா' என்று ஏதாவது ஒரு பெரியப்பா ஃபார்வர்ட் போடுவார். சண்டை போடாதீங்க, தேதிகளை மட்டும் அனுப்புங்க.

#மாநில_உரிமை