வீடு திரும்பிய பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும்



மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் இருந்தவர் வீடு திரும்பியதும் "சரியாகிவிட்டது" என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அது கூடாது என்பதே என் கருத்து. தற்கொலை ஆபத்து மிகுந்த காலங்களில் ஒன்று, வீடு திரும்பிய முதல் சில வாரங்கள். மருந்து முழுப் பலன் தர நாளாகும். மனம் தெளியும் முன்பே உடலில் தெம்பு வந்துவிடலாம்.

வார்டில் செவிலியர் என்ன செய்கிறார்? மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறார். ஆபத்தான பொருள்களை அகற்றுகிறார். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கிறார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வீண்பயம். மனம்விட்டுப் பேச அதுவே வழி திறக்கும்.

இதையெல்லாம் வீட்டிலும் செய்யலாம். மாத்திரைகளை நீங்கள் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுங்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். "உனக்கென்ன குறைச்சல்?" என்று கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். "ஆமாம்" என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கண்ணுங்கருத்துமாகப் பார்க்கிறோமே, இவர்களையும் அப்படிப் பார்க்க வேண்டாமா?