எதில் சதவீதம்?

"ஈரப்பதம் 90 சதவீதம், இன்றைக்கு மழை நிச்சயம்!" திருச்சுழி டீக்கடையில் காலையில் செல்போனைப் பார்த்துச் சொல்கிறார்கள். குண்டாற்றில் மணல் பறக்கிறது. மழை எங்கே?

ஆபீசில் கணக்கு எழுதியவன் கேட்கிறேன்: எதில் 90 சதவீதம்? காற்றில் உள்ள தண்ணீரின் அளவு அல்ல அது. அந்த நேரச் சூட்டில் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான். ஒரு கன மீட்டரில் 25 டிகிரிக்குச் சுமார் 23 கிராம் இருக்கலாம். 38 டிகிரிக்கு 46. நீராவி கூடாமல் குறையாமல் இருந்தாலும், காலையில் காட்டிய 90 பிற்பகலில் 45 ஆகிவிடும்.

ஆபத்து இங்கேதான். 90 காட்டும் காலையில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. "45தானே, காய்ந்த காற்று" என்று நினைக்கிற பிற்பகலில்தான், வியர்வை சரியாகக் காயாமல், அருப்புக்கோட்டை நெசவாளியும் காட்டு வேலைக்குப் போனவரும் மயங்கி விழுகிறார்கள்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தபோது வாத்தியார் 'புவான் த ரோசே' என்பார்: காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் பனி படியும் என்ற கணக்கு. மேலே சொன்ன காற்றுக்குக் காலையிலும் பிற்பகலிலும் அது ஏறக்குறைய 23தான். வானிலை சொல்பவர்களே, அதைச் சொல்லுங்கள். முடியாவிட்டால், புழுக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்களுக்குப் புரியும்.