மூன்றாவது போர் போடலாமா?

கேள்வி: "மூன்று ஏக்கரில் 15 வயது தென்னை, 210 மரங்கள் உள்ளன. பழைய போரில் தண்ணீர் குறைந்ததால், கடந்த இரண்டு வருடங்களில் இரண்டு போர் போட்டேன். இரண்டிலும் புகைதான் வந்தது. 3.5 லட்சம் ரூபாய் போய்விட்டது. இப்போது குரும்பை கொட்டுகிறது, அடிமட்டைகள் தொங்குகின்றன. மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையை அடகு வைத்து, 1,000 அடிக்கு மூன்றாவது போர் போடலாமா?"

- வாசகர், உடுமலைப்பேட்டை வட்டம்.

பதில்:

கேள்வியோடு அவர் எழுதி அனுப்பிய விவரங்களில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. போர் வண்டி ஏஜென்ட், "இன்னொரு 200 அடி போயிருந்தா தண்ணி அடிச்சிருக்குமுங்ணா, விட்டுட்டீங்க" என்கிறார். மனைவியோ, "வந்தா சரிங்க, வரலைன்னா என்னங்க பண்றது?" என்கிறார். இரண்டில் மனைவி கேட்பதில்தான் கணக்கு இருக்கிறது.

போன பணம் போனதுதான்

"இவ்வளவு செலவழித்துவிட்டோம், இப்போது நிறுத்தினால் அத்தனையும் வீண்" என்ற எண்ணம்தான் பல தோட்டங்களில் அடுத்த போரைப் போட வைக்கிறது. மூன்றாவது போரில் தண்ணீர் வந்தாலும் அந்த 3.5 லட்சம் திரும்பாது, வராவிட்டாலும் திரும்பாது. எப்படியும் மாறாத தொகைக்கு இன்றைய முடிவில் இடமில்லை. பழைய போர்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த நிலத்தில் எத்தனை அடியில் என்ன பாறை இருந்தது என்ற தகவல்.

இருக்கும் தண்ணீர் எவ்வளவு?

அவருடைய பழைய போர் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் ஓடுகிறது. 200 லிட்டர் டிரம் இரண்டு நிமிடத்தில் நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு 9,000 லிட்டர்.

இந்தத் தண்ணீரை இப்போது வட்டப்பாத்தியில் விடுகிறார். காய்க்கும் தென்னைக்குக் கோடையில் ஆறு நாளுக்கு ஒருமுறை சுமார் 410 லிட்டர் விட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 9,000 லிட்டர் ஒரு நாளைக்கு 22 மரங்களுக்குத்தான் காணும். 210 மரங்களையும் சுற்றி வர ஒன்பது, பத்து நாள் ஆகிறது. குரும்பை கொட்டுவதற்கான காரணம் இங்கேயே தெரிகிறது.

சொட்டுநீருக்கு அதே பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வேறு. பிப்ரவரி முதல் மே வரை, தண்ணீர் போதுமான அளவு இருந்தால் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர். ஓரளவு பற்றாக்குறை என்றால் 45 லிட்டர். கடும் பற்றாக்குறையில் 22 லிட்டர். 9,000 லிட்டரை 210 மரங்களுக்குப் பிரித்தால் மரத்துக்குச் சுமார் 43 லிட்டர் வருகிறது. வட்டப்பாத்தியில் போதாத அதே தண்ணீர், சொட்டுநீரில் எல்லா மரங்களையும் தினமும் நனைக்கிறது.

எதோடு எதை ஒப்பிடுவது?

'போர் போட்டால் தோப்பு பிழைக்கும், போடாவிட்டால் காயும்' என்று ஒப்பிட்டதில்தான் அவருடைய கணக்கு தவறியது. அப்படிப் பார்த்தால் எந்தச் செலவும் நியாயமாகத்தான் தெரியும். தென்னை காய்ந்தால் மறுபடி வைத்துக் காய்ப்புக்குக் கொண்டுவர ஐந்து, ஆறு வருடங்கள் ஆகும். அந்தப் பயத்தின் முன்னால் இரண்டு லட்சம் பெரிதாகத் தெரியாது.

ஆனால் சொட்டுநீர் போட்டால் தோப்பு பிழைக்கும். ஆகவே, சொட்டுநீரில் கிடைப்பதற்கு மேல் புதிய போர் கூடுதலாக என்ன தரும் என்பதே கேள்வி. 43 லிட்டரில் மரம் உயிரோடு இருக்கும், காய்ப்பு மட்டும் கொஞ்சம் குறையலாம். மரத்துக்கு வருடம் 25 காய் குறையும் என்று வைத்துக்கொண்டால், காய் 15 ரூபாய் வீதம் 210 மரங்களுக்கு 78,750 ரூபாய். புதிய போர் நன்றாக ஓடினால் வருடத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் இவ்வளவுதான்.

இனி செலவுப் பக்கம். போர் போடவும் கேசிங் பைப்புக்கும் 2 லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். போர் ரேட் ஆழம் போகப் போக அடிக்கு ஏறிக்கொண்டே போகும் என்பதால் கடைசி 200 அடிதான் அதிகம் இழுக்கும். மோட்டார், பைப், கேபிள் தனி. நகைக்கடன் வட்டி நூற்றுக்கு 12 ரூபாய் என்றால், வருடத்துக்கு வட்டி மட்டும் 24,000 ரூபாய்.

தண்ணீர் வர வாய்ப்பு எவ்வளவு? அவரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இரண்டு வருடங்களில் ஐந்து போர் போட்டிருக்கிறார்கள். இரண்டில் தண்ணீர் வந்தது. அதில் ஒன்று அடுத்த கோடையிலேயே நின்றுவிட்டது. ஐந்தில் இரண்டு என்று தாராளமாக எடுத்தாலும், 78,750-ல் ஐந்தில் இரண்டு பங்கு 31,500 ரூபாய். வட்டி 24,000 போக மிஞ்சுவது 7,500. மோட்டார் செலவு இதில் சேரவில்லை. ஐந்தில் ஒன்று என்று எடுத்தால் 15,750 ரூபாய்தான், வட்டிக்கே பற்றாது. அசலை எப்படித் திருப்புவது, நகையை எப்போது மீட்பது?

ஐந்து போர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், அதே பாறையில் போட்ட போர்கள் அவை. ஏஜென்ட் சொல்லும் வார்த்தையைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம். போர் வண்டிக்கு அடிக் கணக்கில்தான் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

முதலில் செய்ய வேண்டியது

மூன்று ஏக்கர் வைத்திருப்பதால் அவர் சிறு விவசாயி. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவிகித மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவிகித மானியமும் உண்டு. சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கலுடன் பதிவு செய்ய வேண்டும். தொட்டி, குழி வெட்டும் கூலி போன்றவற்றுக்குக் கையிலிருந்து 40,000 ரூபாய் போனாலும் அது நகையில் கைவைக்காத செலவு.

மரத்தைச் சுற்றி நான்கு சொட்டுவான்கள், மணிக்கு 8 லிட்டர் வீதம். எல்லா மரங்களுக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் போதாவிட்டால் வால்வு வைத்து இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். வட்டப்பாத்தியில் ஆறு அடி ஆரத்துக்கு 25 கிலோ நார்க்கழிவோ, 15 காய்ந்த கீற்றோ, 100 மட்டையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். தோப்பில் கிடக்கும் பொருள்தான். கூலி மட்டும் செலவு. வறட்சியில் பட்ட பாதிப்பு அடுத்த இரண்டு, மூன்று வருடக் காய்ப்பிலும் தெரியும் என்பதால், முதல் வருடமே பலன் தெரியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

பழைய போரும் குறைந்தால்?

கடும் பற்றாக்குறை அளவான 22 லிட்டர் வீதம் 210 மரங்களுக்கு ஒரு நாளைக்கு 4,620 லிட்டர் வேண்டும். பழைய போர் முழுவதும் நின்று, 60 நாள் தண்ணீரை விலைக்கு வாங்கினாலும் 10,000 லிட்டர் லாரியில் 28 நடை. நடைக்கு 1,500 ரூபாய் என்றால் 42,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால், அந்தப் பணத்துக்குத் தண்ணீர் நிச்சயமாக வந்து சேரும்.

அப்படி ஒரு கோடை வந்த பிறகு போர் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் நிலநீர் ஆய்வு செய்துகொள்வது நல்லது. கட்டணம் குறைவு. 2 லட்சத்தைப் பணயம் வைப்பதற்கு முன் அந்தச் செலவு தகும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சொட்டுநீர் போட்ட பிறகு போர் போடும் வழி திறந்தே இருக்கும். போரில் புதிய தண்ணீர் வந்தாலும் அதே குழாயில் விடலாம். ஆனால், போர் பொய்த்துக் கடன் ஏறிய பிறகு, தொட்டி கட்டவும் லாரித் தண்ணீர் வாங்கவும் கையில் காசு இருக்காது. திரும்ப எடுக்க முடியாத செலவைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

பொய்த்த இரண்டு போர்களையும் இரும்பு மூடி போட்டு உடனே அடைக்க வேண்டும். தோப்பில் குழந்தைகள் நடமாடும் இடம் அது. இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

வேறு பெரிய செலவுக்கு முன் நிற்பவர்களும் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்க்கலாம்: இனிமேல் ஆகும் செலவு எவ்வளவு? இதைவிடக் குறைந்த செலவில் உள்ள வழி எது? அதற்கு மேல் இது கூடுதலாகத் தருவது என்ன? கைகூடாவிட்டால் குடும்பம் தாங்குமா? உடுமலை வாசகரின் வீட்டில் நான்காவது கேள்வியை அவர் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டார். அதற்குப் பதில் கிடைக்கும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.