பெரட்டு

இந்த வாரம் எனக்குப் பெரிய நிம்மதி. இரவு பதினொன்று ஆனதும், அன்று ஸ்கேன் செய்த பக்கங்கள் ஈப்போவில் என் மேசைக் கணினியிலிருந்து கோலாலம்பூரில் தம்பி மகனின் கணினிக்குத் தாமாகவே போய்விடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து கடவுச்சொல் தட்ட வேண்டியதில்லை.

என்ன பக்கங்கள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தபோது ஆபீசிலிருந்து எடுத்து வந்த, ஆட்களின் பேரைப் பதிந்த செக்ரோல் புத்தகங்கள், கறையான் தின்றது போக மிச்சம்.

முதலில் பழைய எஃப்டிபி வழியில்தான் அனுப்பி வந்தேன். ‘நெட்ஆர்சி’ என்ற கோப்பில் மறுமுனைக் கணினியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் எழுதி வைத்தால் அது தானே படித்துக்கொண்டு உள்ளே போகும். விடுமுறைக்கு வந்த தம்பி மகன் பதறிவிட்டான். “பெரியப்பா, கடவுச்சொல்லை இப்படி அப்பட்டமாவா எழுதி வைப்பீங்க?” வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 என்று வைத்திருப்பதைக் காட்டினேன். அது போதாதாம். எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவதால் வழியில் ஒட்டுக்கேட்பவன் எடுத்துக்கொள்ளலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கடவுச்சொற்கள் களவு போன பிறகு டாட்டு இலோனன் எழுதியதுதான், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச்.

அவன் ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையைக் கொடுத்தான். இரண்டு சாவிகள் உருவாயின. பொதுச் சாவியைக் கோலாலம்பூர் கணினியின் பட்டியலில் சேர்த்தான். அந்தரங்கச் சாவி என் கணினியை விட்டு நகராது. ஒவ்வொரு இணைப்புக்கும் அது புதிதாக ஒரு கையொப்பம் போடும். மறுமுனை தன் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும். நேற்றுப் போட்டது இன்றைக்குச் செல்லாது.

அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது.

விடியுமுன் ஆபீஸ் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்ட எழுத்தரான கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். பேர் மட்டும்தான் புத்தகத்தில் இருக்கும். குரலை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். “வந்தேன்யா” என்று கேட்டால்தான் அன்றைக்கு வேலைக்கான நிரை, அன்றைக்குக் கூலி. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் பெரட்டு ஆனது. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே சொல் உண்டு. அங்கே ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர். பாதிக் கூலி, அரைப்பேர்.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் வந்தது, அதோடு அடையாள அட்டையும் வந்தது. அதற்கு முன் தோட்டத்தாளை இன்னார் என்று காட்டியது செக்ரோல் பேரும் அவர் குரலும்தான். அட்டை வந்தும் எங்கள் வீட்டில் தொல்லை தீரவில்லை. அம்மாவின் பெயர் செக்ரோலில் ஒரு விதம், அட்டையில் ஒரு விதம், என் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு விதம். எழுதியவர்கள் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். எழுதியதோ குறில் நெடில் காட்டாத ஆங்கில எழுத்தில். அப்பா இறந்த பிறகு மூன்று பெயரும் ஒரே பெண்தான் என்று அம்மா சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் தினமும் எழுந்து பதில் சொன்ன பெயருக்குச் சாட்சி கேட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் புத்தகங்களை நான் விடாமல் வைத்திருப்பது அதனால்தான்.

பேர்களைச் சரியாக எழுத வேண்டுமே என்று, போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஒரு பக்கத்தை எடுத்து, எழுதியிருந்தபடியே படித்துக்கொண்டு போனேன். ஏழாவது பேருக்கு, சன்னலோர நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அக்கா, வயது எண்பத்தைந்துக்கு மேல், “வந்தேன்யா” என்றார். அறையில் யாரும் பேசவில்லை.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “எம்பேரு சரிதான் தம்பி. எங்கப்பா பேரத் தப்பா படிக்கிற. இன்னொரு தடவ படி.”